தானியங்கு முடிவெடுப்பு: சொல் விளக்கம்

மாணவர் விசா மறுக்கப்பட்டவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு: "என் ஃபைலை எந்த ஆபீசரும் திறந்துகூடப் பார்க்கல, சிஸ்டமே ரிஜெக்ட் பண்ணிடுச்சு." இது சரியா, தப்பா? 'தானியங்கு முடிவெடுப்பு' என்ற சொல்லுக்குள் எதையெல்லாம் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

ஆட்டோமேட்டட் டெசிஷன் மேக்கிங் என்று சட்டங்களில் வருவதன் தமிழ் இது. குறுகிய பொருளில், ஒருவரின் உரிமையையோ வாய்ப்பையோ தொடும் ஒரு முடிவை மனிதர் யாரும் குறுக்கே வராமல் மென்பொருளே எடுப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 22ஆம் பிரிவு இந்தப் பொருளைத்தான் பிடித்துக்கொள்கிறது. முழுக்க இயந்திரச் செயலாக்கத்தை 'மட்டுமே' வைத்து எடுத்த முடிவுக்கு ஒருவர் ஆளாகாமல் இருக்கும் உரிமையை அது தருகிறது, சில விலக்குகளோடு. அகன்ற பொருளும் உண்டு. கனடா அரசு 2019 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த கட்டளை, மனிதரின் தீர்மானத்துக்குப் பதிலாக நிற்கும் மென்பொருளை மட்டுமல்ல, அந்தத் தீர்மானத்துக்குத் துணைபோகும் மென்பொருளையும் இதே பெயருக்குள் கொண்டுவருகிறது. இரண்டாவதுதான் விசா விஷயத்தில் நமக்குப் பயன்படும் வரையறை என்பது என் கருத்து. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

முதலில் சொல். 'ஆட்டோ' வந்த வழி கிரேக்கம்: ஆட்டோமாட்டோஸ் என்றால் தானாகவே செயல்படுவது. 'டெசிஷன்' லத்தீன் வழி வந்தது, வெட்டி விலக்குதல் என்பது அதன் அடிப்பொருள். தமிழில் இதற்கு இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. 'தானியங்கி முடிவு' என்று எழுதுபவர்கள் அதிகம். ஆனால் தானியங்கி என்பது பெயர்ச்சொல், தானே இயங்கும் பொருளைக் குறிப்பது. ஒரு செயலுக்கு அடையாக வரும்போது 'தானியங்கு' என்று வினைத்தொகையாக நிற்பதே பொருத்தம். இலங்கைத் தமிழில் 'தன்னியக்கம்' பரவலாக இருக்கிறது, அதுவும் நல்ல சொல்தான்.

எனக்கு உறுத்துவது பின்பாதி. 'முடிவு' என்றால் தேர்வு முடிவு போல, வெளியே வந்து விழும் விடையும் ஆகும். ஒருவர் எடுக்கும் தீர்மானமும் ஆகும். 'தானியங்கு முடிவு' என்று எழுதினால் விடை தானாக வந்துவிட்டது போல ஒலிக்கிறது, அதை எடுத்தவர் யார் என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. 'முடிவெடுப்பு' என்றால் எடுத்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அதனால் முடிவெடுப்பு.

விசா என்ற சொல்லும் சும்மா வந்ததில்லை. 'கார்ட்டா வீசா' என்ற லத்தீன் தொடரின் மிச்சம் அது. பொருள், பார்க்கப்பட்ட தாள். ஓர் அதிகாரி தாளைப் பார்த்தார் என்பதற்கான குறிப்பே விசா. தமிழில் நுழைவிசைவு என்பது சரியான சொல். சிலர் நுழைவுச்சீட்டு என்று எழுதுகிறார்கள், அது தேர்வுக்கூடத்துக்கும் கண்காட்சிக்கும் உரியது, வேண்டாம். கனடாவில் மாணவருக்குப் படிக்கும் உரிமையைத் தருவது விசா அல்ல, படிப்பு அனுமதி என்ற தனி ஆவணம். பேச்சில் எல்லாமே விசாதான்.

சரி, அந்தத் தாளை இப்போது யார் பார்க்கிறார்கள்?

பிரிட்டனின் கதை தெளிவானது. அங்கே உள்துறை 2015 முதல் ஒரு மென்பொருளைக் கொண்டு விசா விண்ணப்பங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் குறித்துவந்தது. விண்ணப்பதாரரின் குடியுரிமை அந்தக் கணக்கில் ஒரு காரணி. கையெழுத்திட்டது என்னவோ அதிகாரிதான். ஆனால் சிவப்புக் கோப்பைப் பிரிக்கும் அதிகாரி சந்தேகத்தோடு பிரிக்கிறார், பச்சைக் கோப்பு நொடியில் நகர்ந்துவிடுகிறது. சிவப்பில் மறுப்பு கூடினால், அந்த நாட்டவர் மறுக்கப்படுபவர்கள் என்ற தரவும் கூடும், அடுத்த முறை இன்னும் சிவப்பு. குடியேறிகள் நலனுக்கான ஓர் அமைப்பும் ஃபாக்ஸ்குளோவ் என்ற சட்ட அமைப்பும் வழக்குத் தொடுத்தன. விசாரணைக்கு வருமுன்பே, 2020 ஆகஸ்டில், உள்துறை அந்தக் கருவியைக் கைவிட்டது.

இந்த மென்பொருள் யாருடைய விசாவையும் மறுக்கவில்லை. குறுகிய பொருளில் அது முடிவெடுப்பே அல்ல. அது செய்ததற்கு ஆங்கிலத்தில் ட்ரியாஜ் என்று பெயர், பிரித்தெடுத்தல் என்ற பொருள் கொண்ட பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'தரம்பிரிப்பு' என்றால் போதும், புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. தரம்பிரிப்பை முடிவெடுப்புக்கு முந்தைய எடுபிடி வேலை என்று அரசுகள் சொல்கின்றன. நான் அப்படிப் பார்ப்பதில்லை. 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு ஜெர்மானியக் கடன் மதிப்பெண் வழக்கில், வங்கி அந்த மதிப்பெண்ணைப் பெரிதும் நம்பியே கடன் தருகிறது அல்லது மறுக்கிறது என்றால் மதிப்பெண் போடுவதே தானியங்கு முடிவெடுப்புத்தான் என்றது. விசா வழக்கு இல்லைதான், ஆனாலும் நியாயம் ஒன்றே.

கனடாவில் சங்கதி கொஞ்சம் சிக்கல். 2018இல் சீனாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இணையவழி வந்த வருகை விசா விண்ணப்பங்களை மென்பொருள் தரம்பிரிக்கத் தொடங்கியது. எளிய கோப்புகளில் தகுதி உண்டு என்ற பகுதியை மென்பொருளே முடித்துவிடும், பாதுகாப்பு உள்ளிட்ட மற்றவற்றை அதிகாரி பார்ப்பார். மறுப்பது எப்போதும் மனிதரே, மறுக்கச் சொல்லி மென்பொருள் பரிந்துரைப்பதும் இல்லை என்பது குடியேற்றத் துறையின் நிலைப்பாடு. அதாவது 'ஆம்' சொல்வதில் இயந்திரத்துக்குப் பங்கு உண்டு, 'இல்லை' சொல்லும் அதிகாரம் மனிதரிடம் மட்டும். 'சிஸ்டமே ரிஜெக்ட் பண்ணிடுச்சு' என்பது இந்த இடத்தில் பொருந்தாது.

அப்புறம் ஏன் அந்தப் புகார் ஓயவில்லை? சினூக் ஒரு காரணம். எக்செல் அடிப்படையில் அமைந்த கருவி அது. பல விண்ணப்பங்களின் விவரங்களை ஒரே அட்டவணையில் வரிசையாகக் காட்டும், மறுப்புக் காரணங்களுக்கு ஆயத்த வாசகங்களையும் தரும். செயற்கை நுண்ணறிவு இதில் இல்லை என்று துறை சொல்கிறது. நம்பலாம், அட்டவணைக்கு நுண்ணறிவு எதற்கு? ஆனால் ஆயிரம் பேருக்கு ஒரே வாசகம் போனால், 'தங்கும் காலம் முடிந்ததும் நாட்டை விட்டுப் போவீர்கள் என்று எனக்குத் திருப்தி ஏற்படவில்லை' என்ற வரியைப் படிப்பவருக்கு அந்த 'எனக்கு' யார் என்று சந்தேகம் வரத்தான் செய்யும். 2023இல் ஒரு வேலை அனுமதி வழக்கில் கனடாவின் கூட்டரசு நீதிமன்றம், தகவலைத் திரட்டித் தந்தது மென்பொருளாக இருந்தாலும் முடிவு அதிகாரியுடையதே என்றது. முடிவு நியாயமானதா என்பதே நீதிமன்றத்தின் அளவுகோல், கருவி எது என்பது அல்ல.

ஆஸ்திரேலியா இந்தச் சுற்றிவளைப்பு எதுவும் இல்லாமல் பேசுகிறது. அங்கே 1958ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 495ஏ பிரிவின்படி அமைச்சர் கணினி நிரலை முடிவெடுக்க ஏற்பாடு செய்யலாம், நிரல் எடுத்த முடிவு அமைச்சர் எடுத்த முடிவாகவே கொள்ளப்படும். நிரல் பழுதாகித் தவறான முடிவு வந்தால், விண்ணப்பதாரருக்குச் சாதகமான வேறொன்றை வைக்க அடுத்த பிரிவு வழிசெய்கிறது. குளிர்ந்த மொழிதான், ஆனால் பொறுப்பு யார் தலையில் என்பதில் குழப்பம் இல்லை.

இதற்கெல்லாம் எதிர்ச்சொல்லாக 'மனித முடிவு' என்று சொல்லும்போதும் கொஞ்சம் கவனம் வேண்டும். அமெரிக்க மாணவர் விசாவுக்கு நேர்காணல் செய்து முடிவெடுப்பவர் தூதரக அதிகாரி. விண்ணப்பிப்பவர் அங்கேயே தங்க வருபவர் என்றுதான் அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214பி பிரிவு முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிறுவுவது மாணவர் பாடு. நேர்காணல் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்த மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. முழுக்க மனிதர் எடுத்த முடிவு, ஆனால் காரணம் கேட்டால் பிரிவு எண்ணைத் தாண்டி அதிகம் கிடைக்காது.

ஆகவே எழுதும்போது மூன்று சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. கோப்பை வரிசையில் வைப்பது தரம்பிரிப்பு. தகுதி உண்டு என்று மென்பொருளே சொல்லிவிடுவது தானியங்கு இசைவு. கருவியின் துணையோடு அதிகாரி கையெழுத்திடுவது கருவிவழி முடிவெடுப்பு. மூன்றும் அகன்ற பொருளில் தானியங்கு முடிவெடுப்பில் அடங்கும். மறுப்புக் கடிதம் கையில் இருப்பவர் தகவல் கேட்டு எழுதும்போதும் இதே பிரிப்பு உதவும்: 'மென்பொருள் மறுத்ததா' என்று கேட்டால் 'இல்லை' என்று ஒரே சொல்லில் பதில் வந்துவிடும், 'என் கோப்பு எப்படித் தரம்பிரிக்கப்பட்டது, அதிகாரியின் குறிப்பு என்ன' என்று கேட்டால் அவர்கள் ஆவணத்தை எடுத்தாக வேண்டும்.