செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு பிரேக்

பழுதான ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். மூடியை நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும். ஒன்றிரண்டு ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும்; அது தெரியாமல் மூடியோடு மல்லுக்கட்டாதவர்கள் குறைவு.

உள்ளே பளபளவென்று ஒரு தட்டு. பக்கத்தில் ஒரு கை, கையின் பின்முனையில் செம்புக் கம்பிச் சுருள், அதை ஒட்டி நியோடிமியம் என்ற உலோகம் கலந்த வலுவான காந்தங்கள். சுருளின் இரு முனைகளையும் 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு கணம் தொட்டால் கை ஒரு பக்கம் துள்ளும். முனைகளை மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கம். ஒலிபெருக்கி வேலை செய்வதும் இப்படித்தான்.

எனக்குப் பிடித்தது அடுத்ததுதான். கையையும் காந்தத்தையும் கழற்றிவிடுங்கள். காந்தம் சட்டென்று இரும்பில் பாய்ந்து ஒட்டும், நடுவே விரல் மாட்டினால் நசுங்கும். சரி, அதைத் தட்டில் வைத்துப் பாருங்கள்: ஒட்டாது. மேசைக் கணினி டிஸ்க்கில் பெரும்பாலும் அலுமினியத் தட்டுதான். வகுப்பில் செய்துகாட்டினால், இதை மாணவர்கள் தாங்களே தொட்டுப் பார்க்கட்டும்; இல்லையென்றால் அடுத்து நடப்பதைச் சாதாரண ஈர்ப்பு என்று சொல்லிவிடுவார்கள்.

இப்போது தட்டை விரலால் சுண்டிவிட்டு, அதன் வெளி ஓரத்துக்கு மேலே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் காந்தத்தைப் பிடியுங்கள். நடுப்பக்கம் போக வேண்டாம், அங்கே இரும்பு ஸ்க்ரூக்கள் இருக்கலாம். தொடாமலேயே தட்டு சட்டென்று வேகம் இழக்கும்.

காந்தத்துக்குக் கீழே வரும்போது தட்டின் ஒவ்வொரு பகுதியிலும் காந்தப்புலம் கூடுகிறது, கடந்ததும் குறைகிறது. புலம் மாறினால் உலோகத்துக்குள் மின்னோட்டம் பிறக்கும். கம்பி இல்லாததால் அது ஆற்றுச் சுழிபோலத் தட்டுக்குள்ளேயே வட்டமிடும். இதற்குத்தான் சுழல் மின்னோட்டம் என்று பெயர். தன்னை உண்டாக்கிய மாற்றத்தையே அது எதிர்க்கும் என்கிறது 1834-இல் இயற்பியலாளர் லென்ஸ் சொன்ன விதி. இங்கே அந்த மாற்றம் தட்டின் ஓட்டம்தான்; ஆகவே ஓட்டம் தடைபடுகிறது. இழந்த இயக்க ஆற்றல் தட்டில் வெப்பமாகிறது, ஆனால் தொட்டால் தெரியாத அளவு.

பிரான்சில் இயற்பியலாளர் அராகோ 1824-இல் இதைத் தலைகீழாகப் பார்த்தார்: செம்புத் தட்டைச் சுழற்றினால் மேலே தொங்கிய காந்த ஊசியும் கூடவே திரும்பியது. 1831-இல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலை, அதாவது மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைப் பிறப்பிப்பதை, கண்டுபிடிக்கும்வரை காரணம் புரியவில்லை.

அப்புறம், ஒரு மடிக்கணினி டிஸ்க்கும் கிடைத்தால் விடாதீர்கள். அதன் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. வளைத்தால் சில்லுசில்லாகச் சிதறும், கவனம். அதையும் சுண்டிவிட்டு அதே காந்தத்தைப் பிடியுங்கள். கண்டுகொள்ளாமல் சுற்றும்.