1949-ஆம் ஆண்டு ரொமனே-கொந்தி என்று ஒன்று கிடையாது

சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலில் ஒயின் பொறுப்பாளராக இருக்கிறேன். வழக்கமாக வரும் விருந்தினர் ஒருவர் ஒரு நாள் கைப்பேசியை நீட்டினார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்கள். அண்ணனுக்கு 75 வயது நிறைகிறது. அவர் பிறந்த வருடத்து ஒயினே கிடைத்திருக்கிறது. முன்பணம் கொடுத்துவிட்டேன்."

படத்தில் ரொமனே-கொந்தி என்ற பிரெஞ்சு ஒயின் பாட்டில். லேபிளின் ஓரத்தில் ஈரக்கறை, கழுத்தில் படிந்த தூசி, மங்கிய எழுத்து. பழமைக்கு ஒரு குறையும் இல்லை. ஆண்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: 1949.

"சார், மீதிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்" என்றேன்.

பாட்டிலைத் தொடாமலேயே சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்த ஒயின் வரும், அதே பெயர் கொண்ட தோட்டத்தின் கதை. பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் வோன்-ரொமனே என்ற சிற்றூரை ஒட்டிய சரிவில் அது இருக்கிறது. மொத்தமே 1.81 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறக்குறைய நாலரை ஏக்கர். தாழ்ந்த கற்சுவர், ஓரத்தில் உயர்ந்த கற்சிலுவை, பினோ நுவார் என்ற ஒரே வகைச் சிவப்புத் திராட்சை. 1760-இல் அதை வாங்கிய கொந்தி இளவரசரின் பெயர்தான் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்குச் சில ஆயிரம் பாட்டில்களுக்கு மேல் அந்த மண் தருவதில்லை.

19-ஆம் நூற்றாண்டில் பிலாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து பிரான்ஸின் கொடிகளைத் தின்று தீர்த்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டித்தான் ஊரூராகத் தப்பித்தார்கள். ரொமனே-கொந்தியில் அப்படிச் செய்ய மனம் வரவில்லை. மண்ணுக்குள் மருந்து செலுத்தி, ஒட்டுப்போடாத பழைய கொடிகளையே பல பத்தாண்டுகள் காப்பாற்றினார்கள். உலகப்போர் வந்தபோது மருந்துக்கும் தட்டுப்பாடு, ஆளுக்கும் தட்டுப்பாடு. 1945 அறுவடையில் தேறியது சுமார் 600 பாட்டில். அதோடு கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். 1947-இல், அதே ஊரில் உள்ள லா தாஷ் தோட்டத்துக் கொடிகளிலிருந்து துண்டு எடுத்துப் புதிதாக நட்டார்கள். அடுத்த ஒயின் 1952-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளுக்கு ரொமனே-கொந்தியே இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ரொமனே-கொந்தியைத் தயாரிக்கும் நிறுவனம் லா தாஷ், ரிஷ்பூர் போன்ற வேறு தோட்டங்களின் ஒயினையும் விற்கிறது. அவற்றின் லேபிளிலும் மேலே 'தொமேன் த லா ரொமனே-கொந்தி' என்ற நிறுவனப் பெயரே இருக்கும். 1949 லா தாஷ் உண்மையிலேயே உண்டு. அதனால் லேபிளின் நடுவே எந்தத் தோட்டத்தின் பெயர் இருக்கிறது என்பதைப் பாருங்கள். நம் விருந்தினரின் படத்தில் நடுவிலும் ரொமனே-கொந்திதான்.

பெரிய ஏலங்களிலேயே இந்த ஏமாற்று நடந்திருக்கிறது. 2008-இல் நியூயார்க் ஏலம் ஒன்றுக்கு 1945 முதலான பழைய ஆண்டுகளின் பாட்டில்கள் வந்தன; அவை குளோ சாந்-தெனி என்ற இன்னொரு பர்கண்டித் தோட்டத்தின் ஒயின். லேபிளில் இருந்தது பொன்சோ குடும்பத்தின் பெயர். அந்தத் தோட்டத்தில் அவர்கள் ஒயின் செய்யத் தொடங்கியதே 1980-களில்தான். அந்தக் குடும்பத்தின் லோரான் பொன்சோ ஏலத்துக்கு நேரிலேயே போய் நின்றார்; பாட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றைக் கொடுத்த ரூடி குர்னியவான் 2012-இல் கைதானபோது, கலிபோர்னியாவில் அவர் வீட்டில் அச்சடித்த லேபிள்கள் குவியலாகக் கிடைத்தன. 2014-இல் பத்து ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

லேபிளை அச்சடித்துவிடலாம். அந்தக் காலத்துக் கண்ணாடியை அச்சடிக்க முடியாது. அதனால்தான் காலிப் பாட்டிலுக்கு விலை இருக்கிறது. விருந்து முடிந்ததும் "அதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்படிக் கேட்கும் எல்லோரும் மோசடிக்காரர்கள் இல்லை. ஆனால் யார் எவர் என்று முகத்தில் தெரியாது. வீட்டில் விலையுயர்ந்த ஒயினைத் திறப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: காலிப் பாட்டிலைக் கோணித்துணியில் சுற்றி உடைத்துவிடுங்கள், அல்லது அழியாத மையால் லேபிளின் குறுக்கே எழுதுங்கள். கார்க்கைத் தனியாக விட்டுவிடாதீர்கள். அதில் தோட்டத்தின் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும்.

விருந்தினருக்கு முன்பணம் திரும்பக் கிடைக்கவில்லை. அண்ணனின் பிறந்தநாளுக்குக் குடும்பத்தோடு எங்களிடமே வந்தார், நல்ல பர்கண்டி ஒன்றைத் திறந்தோம். காலிப் பாட்டிலை நினைவாகக் கேட்டார். லேபிளின் குறுக்கே தேதியையும் அண்ணனின் பெயரையும் கறுப்பு மையால் எழுதிக் கொடுத்தேன்.