அஞ்சு செக்குல கையெழுத்து போட்டு வச்சிட்டுப் போறதுக்குப் பேரு ஏற்பாடு இல்லைங்க

தருமபுரில ஆபீஸ் வச்சு டிரஸ்ட், சங்கம்னு சின்னச் சின்ன அமைப்புங்களுக்குக் கணக்கு பாத்துட்டு இருக்கேன். நடத்துறவர் இல்லாதப்பவும் அமைப்பு ஓடணும்னா என்ன செஞ்சு வைக்கணும்னு இத்தன நாளா நேர்ல வர்றவங்ககிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம், இப்ப எழுதியே வச்சிடறேன்.

அஞ்செட்டி பக்கம் ஒரு டிரஸ்ட். ஆறு ஊர்ல சாயங்கால டியூஷன், வர்ற பிள்ளைங்களுக்கு ஒரு கிண்ணம் சுண்டல், அவ்ளோதான் வேலை. நடத்துறவர் தங்கமான மனுஷன், ஒரு ரூபா தப்பா எழுத மாட்டாரு. 2025 செப்டம்பர் நடுவுல மழைல பைக் சறுக்கி விழுந்து பெங்களூர்ல ஐசியூல சேர்த்துட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு அவர்கிட்ட கணக்கு எழுதுற பையன் ராத்திரி எட்டு மணிக்கு என் ஆபீஸ் வாசல்ல நிக்கறான், கையில மஞ்சப்பை. உள்ள மினிட்ஸ் நோட்டு (கூட்டத்துல எடுத்த முடிவுங்கள எழுதற நோட்டு), நோட்டுக்குள்ள பாலிதீன் கவர், கவருக்குள்ள மூனு செக். மூனுலயும் கையெழுத்து மட்டும் இருக்கு.

"அஞ்சு இருந்துச்சு சார். ஒன்னு கையெழுத்து ஒத்துப்போகலன்னு பேங்க்ல திருப்பிட்டாங்க. இன்னொன்னுல தொகைய தப்பா எழுதி அடிச்சுட்டேன்." அடிச்சுத் திருத்தின செக் இப்பல்லாம் செல்லாது, தேதியத் தவிர எதை மாத்துனாலும் புது செக்தான் எழுதணும், போட வேண்டியவர் மூக்குல குழாயோட படுத்திருக்காரு. மிச்சம் மூனையாவது எழுதலாம்ல தம்பின்னேன். "யார் சொல்லி எழுதுனன்னு நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சார் சொல்றது?"

இருவது வயசுப் பையனுக்குத் தெரிஞ்சது பல தலைவருங்களுக்குத் தெரியலை. இங்க பாருங்க, வெறும் செக்குல கையெழுத்து போட்டுக் குடுத்தா சட்டப்படி (1881 மாற்றுமுறை ஆவணச் சட்டம், 20வது பிரிவு) நிரப்பிக்கோன்னு அனுமதி குடுத்ததாதான் அர்த்தம், அது பஸ்ல தொலைஞ்சு எவன் கையிலயாவது சிக்குனா அப்புறம் நான் எழுதலன்னு நிரூபிச்சுட்டு கோர்ட்டுக்கு நடக்கணும். சரி தொலையவே இல்லன்னு வச்சிக்குவோம், அப்பவும் நீங்க விட்டுட்டுப் போனது உங்க பேனா மைய மட்டும்தான். டீச்சர் சம்பளத்த முதல்ல குடுக்கறதா மளிகைக்கடை பாக்கியவா, எவ்ளோ வரைக்கும் செலவு பண்ணலாம், இல்லன்னு சொல்ல யாருக்கு உரிமை, இதுல எதையுமே விட்டுட்டுப் போகல. "நான் போன்ல இருப்பேன்ல சார்"ங்கறதும் இதே கதைதான். போன் அவர் சட்டைப்பைல, சட்டை ஆஸ்பத்திரி பீரோல, போனுக்கு பேட்டர்ன் லாக், பேட்டர்ன் அவர் தலைக்குள்ள.

அந்த டிரஸ்டுக்கு டீட் (டிரஸ்ட் பத்திரம்) படி மூனு டிரஸ்டி. இவரு, இவர் மச்சான், ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். பேங்க்ல இவரோ மச்சானோ யாராவது ஒருத்தர் போட்டா போதும்னு இருந்தது. மச்சான் தவறி ரெண்டு வருஷம் ஆச்சு, பேரை எடுக்கவும் இல்ல, வேற ஆளப் போடவும் இல்ல. ஹெட்மாஸ்டர் ஐயா மறுநாள் பஸ் ஏறி வந்து, "நான் போடலாமா சார், நானும் டிரஸ்டிதான?"ன்னு பேனாவத் திறந்துட்டே கேக்கறாரு. அவரோட மாதிரிக் கையெழுத்தே பேங்க்ல இல்லையே.

இதுக்கு நடுவுல இன்னொரு இடி. 2021ல புதுப்பிச்ச 12ஏ பதிவு (டிரஸ்டுக்கு வருமான வரி விலக்கு தர்ற பதிவு) 2026 மார்ச்சோட முடியறதா இருந்துச்சு, ஆறு மாசம் முன்னாடியே, அதாவது 2025 செப்டம்பர் 30க்குள்ள திரும்ப விண்ணப்பிச்சிருக்கணும். இன்கம்டேக்ஸ் போர்ட்டல்ல இருக்கறது அவர் நம்பர், பாஸ்வேர்டு மாத்தப்போனா ஓடிபி அந்த சட்டைப்பைக்குத்தான் போகுது. தேதி போயிடுச்சு. நியாயமான காரணம் இருந்தா தாமதத்த மன்னிக்க 2024லேர்ந்து வழி இருக்கு, அதனால டிஸ்சார்ஜ் சம்மரிய வச்சு மனு எழுதுனோம். எல்லாருக்கும் ஐசியூ சீட்டு கிடைக்காது, சிலருக்கு சபரிமலைதான் காரணமா இருக்கும்.

(நானும் யோக்கியன் இல்ல. கிளையன்ட்டுங்களோட டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (பென்டிரைவ் மாதிரி இருக்கும்) என் டிராயர்லயே கெடந்துச்சு, பாஸ்வேர்டு ஸ்டிக்கர் ஒட்டி. அது அவங்கவங்க கட்டுப்பாட்டுல இருக்கணும்னு ஐடி சட்டம் 2000 சொல்லுது. தீபாவளிக்கு முன்னாடி எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டேன். பாதிப் பேரு "நீங்களே வச்சிக்கங்க சார்"னாங்க.)

என்ன பண்ணணும்னா, பேங்க்ல மூனு பேர் கையெழுத்து, யாராவது ரெண்டு பேர் சேர்ந்து போட்டா போதும்னு தீர்மானம் போட்டு மாத்துங்க. மூனு பேரும் ஒரே வீட்டு ஆளா இருக்கக்கூடாது, சம்சாரம் ஆஸ்பத்திரில உங்க பக்கத்துலதான் உக்காந்திருப்பாங்க. டிரஸ்டி யாராவது தவறிட்டா காரியம் முடிஞ்ச மாசமே இடத்த நிரப்புங்க, சங்கமா இருந்தா மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்லயும் மாத்தணும். அமைப்பு பேர்ல ஒரு சிம், ஒரு பட்டன் போன், போர்ட்டல்லயும் பேங்க்லயும் அந்த நம்பர், போன் ஆபீஸ் பீரோல. ஆயிரம் ரூபாக்கு இதுக்கு மேல புண்ணியம் கிடைக்காது. வெளிநாட்டுப் பணம் வாங்கறவங்க அந்தப் பணம் வந்து சேர்ற டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச் கணக்கையும் மறந்துடாதீங்க, இங்க மாத்தினா அங்க தானா மாறாது.

அப்புறம் ஒரே ஒரு தீர்மானம் மினிட்ஸ்ல எழுதுங்க: நான் இல்லாதப்ப இன்னார் முடிவெடுப்பார், இத்தனை ரூபா வரைக்கும், அதுக்கு மேலன்னா இன்னாரக் கேட்டு. முதல்ல டீட்ல அதுக்கு இடம் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா என்னை மாதிரி ஒருத்தர்கிட்ட காட்டுங்க. எழுதிட்டு ஊர்ப் பண்டிகைக்கு ஒரு வாரம் போனை அணைச்சுட்டுப் போங்க. கெஞ்சிக் கேக்கறேன், நல்லா இருக்கறப்பவே ஒரு தடவ இல்லாம இருந்து பாருங்க. எங்க முட்டுதுன்னு திரும்பி வந்தா தெரியும். எந்த ஊர்ல யானை இறங்குனா டியூஷனை எத்தன மணிக்கு விடணும்ங்கறதுகூட அந்த மனுஷன் தலைக்குள்ளதான் இருந்திருக்கு.

போன வாரம் குச்சி ஊனிட்டு வந்தாரு. மளிகைக்கடைக்காரர் ஏழு வாரம் கடனுக்கே கொண்டக்கடலை குடுத்திருக்காரு, சுண்டல் ஒரு நாள்கூட நிக்கல. வந்து உக்காந்ததும் மொத கேள்வி, "அந்த மூனு செக் பத்திரமா இருக்கா சார்?"

கிழிச்சுட்டேன்னேன். முறைச்சாரு. தீர்மானத்த டைப் பண்ணிக் கையில குடுத்தேன், படிச்சுட்டு கையெழுத்து போட்டாரு. பேங்க்ல பேர் சேர்க்க ஹெட்மாஸ்டரோட பான் கார்டு நகல் இன்னும் வரல.