கடைசி பெஞ்ச் இல்லாத வகுப்பு

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் விருந்து. பள்ளி திறக்கும் நேரம். புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஏற்பாடு செய்தது. இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவளுடைய அண்ணன், டீஜே கூல் ஹெர்க். பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் துள்ளி ஆடுகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றி ஓட்டி, அந்தத் துண்டை நீட்டிக்கொண்டே போனார். தாளத்துக்கு ஏற்பப் பேச்சுப்போலவே பாடும் ராப்பும் ஆட்டமும் சேர்ந்த ஹிப்ஹாப் கலை அங்கிருந்து கிளம்பியது.

அந்த டிரம்ஸ் துண்டில் என்ன இருக்கிறது? தாளம் கேட்டதும் மூளை அடுத்த அடி எப்போது விழும் என்று கணிக்கத் தொடங்கிவிடுகிறது. நாம் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் உடலை இயக்கும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. இப்படிப்பட்ட டிரம்ஸ் துண்டுகளையே வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. அடிகள் எதிர்பார்த்த இடத்திலேயே விழுந்தால் சலிப்பு. ஒரேயடியாகத் தப்பினால் குழப்பம். அளவோடு தப்பும் தாளமே ஆடத் தூண்டியது, அதிக இன்பமும் தந்தது.

சேர்ந்து ஆடினால் இன்னொன்றும் நடக்கிறது. பிரேசிலில் பள்ளி மாணவர்களை ஆடவைத்துப் பார்த்தார்கள். ஒரே அசைவை ஒன்றாக ஆடியவர்கள் வலியைக் கூடுதலாகத் தாங்கினார்கள். உடன் ஆடியவர்களிடம் நெருக்கமும் கூடியது. வலிதாங்கும் திறன் உயர்வது, வலியைத் தணித்து இதம் தரும் எண்டார்பின் என்ற வேதிப்பொருள் உடலில் சுரப்பதற்கான அடையாளமாகக் கருதப்படுகிறது. வகுப்பில் மகிழ்ச்சி வேண்டும் என்று நான் வாதாடுவது இதனால்தான். மகிழ்ச்சி பாடத்துக்குப் பிறகு தரும் மிட்டாய் அல்ல. பக்கத்தில் இருப்பவனை நம்பி வாய்திறக்க வைப்பதே அதுதான்.

2012-இல் ராப் பாடகர்கள் 12 பேரை மூளையைப் படம்பிடிக்கும் ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, அந்த நொடியில் தோன்றியதைப் பாடச் சொன்னார்கள். மனப்பாடமாகப் பாடியபோது இருந்ததைவிட, தன்னைத்தானே கண்காணித்துத் திருத்தும் முன்மூளைப் பகுதிகளின் வேலை குறைந்தது. உள்ளிருந்து எழும் உந்துதலோடு தொடர்புடைய பகுதிகள் சுறுசுறுப்பாயின. தேர்ந்த கலைஞர்களிடம் கண்டதை அப்படியே ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும், ‘தப்பாகச் சொல்லிவிடுவேனோ’ என்ற பயத்திலேயே வாய்மூடிக் கிடக்கும் பிள்ளைகளை அறிந்தவர்களுக்கு இது சின்ன சேதி அல்ல.

ராப்பைப் பாடத்தோடு முடிச்சுப் போட்டவர் கிறிஸ்டோபர் எம்டின். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் இருந்தபடி, வூ-டாங் கிளான் என்ற ராப் குழுவின் பாடகர் ஜிஸாவோடு சேர்ந்து, நியூயார்க்கின் பத்துப் பொதுப் பள்ளிகளில் ‘சயின்ஸ் ஜீனியஸ்’ திட்டத்தைத் தொடங்கினார். மாணவர்கள் அறிவியல் பாடத்தை ராப்பாக எழுதிப் போட்டியில் பாட வேண்டும். ராப்பின் உயிர் பெரும்பாலும் அடியின் கடைசியில் ஒலி ஒன்றிவருவதில் இருக்கிறது. நம் யாப்பில் இயைபு என்போமே, அது. ஒளிச்சேர்க்கையைப் பற்றி எழுதும் பிள்ளை, இயைபுக்கு ஒரு சொல் தேடும்போது, பொருள் சிதையாமல் வேறு எப்படிச் சொல்லலாம் என்று பத்து விதமாகப் புரட்டிப் பார்க்கிறது. புரியாத ஒன்றை அப்படிப் புரட்ட முடியாது.

பாடுபவர்கள் வட்டமாக நிற்பதற்கு ஹிப்ஹாப்பில் சைஃபர் என்று பெயர். முறை வந்தால் யாராக இருந்தாலும் நடுவே வரலாம். வகுப்பு முடிந்தபின் நாலைந்து மாணவர்களை இதே போல வட்டமாக உட்காரவைத்து, ‘இன்று எது சரியில்லை?’ என்று ஆசிரியர் கேட்க வேண்டும் என்பது எம்டினின் இன்னொரு வழிமுறை. அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது அடுத்த வகுப்பிலேயே ஆசிரியர் மாற்றிக் காட்ட வேண்டும்.