எல்லா ரவுண்டும் முடிந்தும் ஆஃபர் வரவில்லையா?

"எல்லா ரவுண்டும் கிளியர் ஆச்சு, ஒரு மாசமா ஹெச்.ஆர். போனே எடுக்கல." மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கமிருந்து திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் இருக்கும் டெக்னோபார்க் ஐ.டி. பூங்காவுக்கு வேலை தேடிப் போகிற பிள்ளைகளிடம், ஆள்சேர்ப்புப் பணியில் இருக்கும் நாங்கள் அடிக்கடி கேட்பது இது. குறை தங்களிடம்தான் என்று மனசுக்குள் குமைகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை.

ஆன்லைன் தேர்வு, இரண்டு டெக்னிக்கல், மேனேஜர், ஹெச்.ஆர். என்று வரிசையாகப் போகும். பிற கம்பெனிகளுக்கு வேலை செய்துகொடுக்கும் சேவை நிறுவனமென்றால், நடுவில் அந்த வாடிக்கையாளர் கம்பெனியே பேட்டி காணும் கிளையன்ட் ரவுண்டும் உண்டு. இழுபறி அதிகம் அங்கேதான். கிளையன்ட் ப்ராஜெக்ட்டைத் தள்ளிப்போட்டால் அந்தப் பணியிடமே முடங்கிவிடும். பட்ஜெட் ஒப்புதல் கிடைக்குமுன்பே ஆள் பார்க்கத் தொடங்குகிற இடங்களும் உண்டு. இன்னொருவருக்கு ஆஃபர் கொடுத்துவிட்டு, அவர் வந்து சேரும்வரை உங்களை ஹோல்டில் வைத்திருப்பார்கள். பழைய கம்பெனியில் அவருடைய நோட்டீஸ் காலம் 90 நாள் என்றால் உங்கள் காத்திருப்பும் அதே 90 நாள். இதை உங்களிடம் சொல்லாமல் மறைப்பது நியாயமே இல்லை.

அதனால் முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்: இந்த இடத்துக்கு ஒப்புதல் ஆகிவிட்டதா? கிளையன்ட் ரவுண்டு உண்டா? மொத்தம் எத்தனை ரவுண்டு? பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி ரவுண்டு முடிந்து ஒரு வாரத்தில் ஒரு மெயில், அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு இடம் பார்க்கத் தொடங்குங்கள்.

வேலை தரும் எண்ணம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும் 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' வந்ததும் ராஜினாமா செய்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆஃபர் லெட்டர் ஆகாது. சம்பளப் பிரிவு, சேரும் தேதி, வேலை பார்க்கும் ஊர், கையெழுத்து எல்லாம் உள்ள கடிதம் கையில் வந்த பிறகுதான் ராஜினாமா. சம்பளத்தைப் பார்க்கும்போது, சி.டி.சி.க்குள், அதாவது கம்பெனி உங்களுக்கு ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகைக்குள், கம்பெனி கட்டும் பி.எஃப்., அடிப்படைச் சம்பளத்தில் 4.81% கிராஜுவிட்டி (பணிக்கொடை) இரண்டையும் சேர்த்திருப்பார்கள். மாதாமாதம் கைக்கு வருவதைத் தனியாகக் கேளுங்கள்.

அடுத்தது பின்னணிச் சரிபார்ப்பு. நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில். காரணம், இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'அருள் ஆர்'. ஆதாரில் 'ஆர் அருள்'. பான் கார்டில் அப்பா பெயரை விரித்து 'ராஜமணி அருள்'. பி.எஃப். கணக்கில் வெறும் 'அருள்'. சரிபார்க்கும் நிறுவனத்துக்கு இவர்கள் நாலு பேர். கோப்பு அப்படியே நிற்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து மற்றதை மாற்றுங்கள். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்ற முடியும், ஆகவே எழுத்துக்கூட்டலை ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். நேரமில்லையென்றால், இந்தப் பெயர்களெல்லாம் ஒரே ஆளுடையவை என்று நோட்டரி கையெழுத்துடன் ஓர் அஃபிடவிட்டைத் தயாராக வையுங்கள். பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள்.

முகவரி சரிபார்ப்புக்கு இப்போது பெரும்பாலும் போனுக்கு ஒரு லிங்க் வரும். லொகேஷனை ஆன் செய்து வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுக்க வேண்டும். நிரந்தர முகவரி மார்த்தாண்டம் என்று கொடுத்துவிட்டு, கழக்கூட்டம் ரூமில் இருந்தபடி அதைத் திறந்தால் இடம் பொருந்தாது. ஊருக்குப் போகும் நாளைச் சொல்லி லிங்க்கைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். ஆள் நேரில் வரும் முறையென்றால், கதவு எண் பழையதா புதியதா என்பதையும் பக்கத்து அடையாளத்தையும் எழுதிக் கொடுங்கள், வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

பி.எஃப். தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியை நீங்களே முதலில் பாருங்கள். பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் போடாமல் விட்டிருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்த்தது போலத் தெரியும். வேலையை விட்டு இரண்டு மாதம் கழிந்தபின், ஆதாரோடு இணைந்த போனுக்கு வரும் ஓ.டி.பி. மூலம் அந்தத் தேதியை நீங்களே பதியலாம். பழைய கம்பெனி உங்களை விடுவித்துக் கொடுத்த ரிலீவிங் லெட்டரில் உள்ள அதே தேதியைப் போடுங்கள்.

இந்தக் காத்திருப்பின் நடுவில் யாராவது லேப்டாப் டெபாசிட், வெரிஃபிகேஷன் கட்டணம் என்று பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்களென்றால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கணக்கு மாறிப் போய்விடும்.