பழுது எங்கே என்று படத்தைக் கேளுங்கள்

டிஜிட்டல் கேமராவுக்குள் ஒளி போகும் பாதை ஒன்றுதான். லென்ஸ், அதற்குள் ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பர்ச்சர் இதழ்கள், குறித்த நேரம் மட்டும் திறந்து மூடும் ஷட்டர், ஒளியை உணரும் சென்சார். அங்கே மின் சமிக்ஞையாக மாறி பிராசஸருக்கும் கடைசியில் மெமரி கார்டுக்கும் போய்ச் சேர்கிறது. இந்தப் பாதையில் எங்கே கோளாறு வந்தாலும் படத்தில் அதற்கென்று ஓர் அடையாளம் விழும். ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதற்கு முன், கெட்டுப்போன படத்தைக் கணினித் திரையில் 100 சதவீத அளவில் வைத்துப் பார்ப்பதே முதல் வேலை. பாதிப் பழுதுகள் இந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும்.

வானம், வெள்ளைச் சுவர் போன்ற பரப்புகளில் மங்கலான சாம்பல் புள்ளிகள் தெரிகின்றனவா? லென்ஸை மாற்றியும் அதே இடத்தில் இருந்தால் அது சென்சார் தூசி. சரியாகச் சொன்னால், தூசி உட்கார்ந்திருப்பது சென்சார் மேல் அல்ல, அதற்கு முன்னால் உள்ள வடிகட்டிக் கண்ணாடி மேல். அப்பர்ச்சர் அகலமாகத் திறந்திருக்கும்போது ஒளி பல கோணங்களில் வருவதால் தூசியின் நிழல் கரைந்துவிடுகிறது. எஃப் 16, எஃப் 22 என்று (எண் கூடக் கூடத் துளை சிறியது) சுருக்கினால் நிழல் கூர்மையாக விழுகிறது. சோதிக்க ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 100, எஃப் 22 வைத்து, ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து ஒரு வெள்ளைச் சுவரை எடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது கேமராவை மெல்ல அசைக்கலாம். சுவரின் கறைகள் கரைந்துபோகும், சென்சாரோடு சேர்ந்து நகரும் தூசி மட்டும் அப்படியே தெரியும்.

படத்தில் மேல் இடது மூலையில் தெரியும் தூசி, லென்ஸைக் கழற்றி முன்பக்கமிருந்து பார்க்கும்போது சென்சாரின் கீழ் இடது மூலையில் இருக்கும். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாக விழச்செய்வதுதான் காரணம். டிஎஸ்எல்ஆர் (சென்சாருக்கு முன்னால் ஆடி உள்ள கேமரா) என்றால் முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டு, மெனுவில் சென்சார் சுத்தம் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஆடி மேலே போய் ஷட்டர் திறக்கும். நடுவில் பேட்டரி தீர்ந்தால் இரண்டும் உங்கள் கருவியின் மேலேயே வந்து மூடும். கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து ரப்பர் புளோயரால் ஊதுங்கள். டப்பாவில் அடைத்த அழுத்தக் காற்று கூடவே கூடாது. அதிலுள்ள திரவம் தெறித்துக் கண்ணாடியில் படிந்துவிடும். வாயால் ஊதினால் எச்சில் படும். ஊதியும் போகாத தூசிக்கு, சென்சாரின் உயரத்துக்கேற்ற ஸ்வாப் (தட்டையான துடைப்புக் குச்சி) வேண்டும்: ஃபுல் பிரேம் என்ற பெரிய சென்சாருக்கு 24 மி.மீ., ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவுக்கு 16 மி.மீ. ஓரிரு துளி சென்சார் திரவம் போதும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பு, ஸ்வாபைத் திருப்பி மறுபக்கத்தால் திரும்பி ஓர் இழுப்பு. அதோடு அந்த ஸ்வாபைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். ஒட்டிய மணல்துகளோடு மறுபடி தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

புள்ளி மங்கலாக இல்லாமல், ஊசிமுனைபோல் கூர்மையாகச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று ஒளிர்ந்தால் அது ஹாட் பிக்சல். துடைத்துப் பயனில்லை. சென்சார் சூடாகச் சூடாக இவை பெருகும். பிக்சல் மேப்பிங் வசதி உள்ள கேமராக்களில் அதை இயக்கினால், அந்தப் பிக்சலை ஒதுக்கி அக்கம்பக்கத்து மதிப்புகளைக் கொண்டு நிரப்பிக்கொள்ளும்.

படம் முழுக்க ஊதா நிறம் ஏறி, கோடுகோடாக நெளிந்து வந்தால் சென்சாரே பழுது. 2000-களின் தொடக்கத்தில் சோனி தயாரித்த சில சிசிடி வகை சென்சார்களில் உள் இணைப்புக் கம்பிகள் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் விட்டுப்போய், பல நிறுவனங்களின் கேமராக்கள் இப்படிப் படம் காட்டின. 2005-இல் அந்த நிறுவனங்கள் இலவசப் பழுதுநீக்கம் அறிவித்தன. பழைய கேமரா வாங்குவோர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஒரு விளிம்பில் கறுப்புப் பட்டை விழுந்தால் உடனே ஷட்டரைச் சந்தேகிக்காதீர்கள். பெரும்பாலான கேமராக்களில் பிளாஷோடு 1/250 நொடியைவிட வேகமாக எடுத்தால் பட்டை விழுவது இயல்பு. அந்த வேகத்தில் ஷட்டர் முழுதாகத் திறப்பதே இல்லை, இரு திரைகளுக்கு நடுவே ஒரு பிளவு மட்டும் ஓடுகிறது. எல்இடி விளக்கில் வரிவரியாக விழுவது விளக்கின் மினுக்கலால். வேகத்தை 1/50-க்குக் குறைத்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், வெறும் சுவரை 1/60, 1/500, 1/4000 ஆகிய வேகங்களில் எடுத்து, வேகம் கூடும்போது மட்டும் ஒரு பக்கம் இருண்டால் ஷட்டர் தகடு தடுமாறுகிறது என்று பொருள். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இது முழு ஷட்டர் தொகுதியையும் மாற்றும் வேலை.

லென்ஸ் மாற்றும் கேமராவில் பிழைச் செய்தி வந்தால், முதலில் லென்ஸின் பொன்முலாம் பூசிய தொடுமுனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பிறகு ஒரு படத்தை லென்ஸின் மிக அகலமான அப்பர்ச்சரிலும், இன்னொன்றை எஃப் 8-லும் எடுங்கள். அகலத்தில் சரியாக வந்து, எஃப் 8-இல் மட்டும் பிழை காட்டினால் அப்பர்ச்சர் தொகுதியோ அதற்குப் போகும் ரிப்பன் கேபிளோதான் குற்றவாளி. அகலத்தில் எடுக்கும்போது இதழ்கள் அசைய வேண்டியதில்லை, அதனால்தான் பழுது ஒளிந்துகொள்கிறது.

சின்ன காம்பாக்ட் கேமராக்களுக்கு எமன் மணல். நீளும் லென்ஸின் குழாய் அடுக்குகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒரு தாளின் தடிமன் அளவுதான். ஒரு துகள் சிக்கினாலும் மோட்டார் நின்றுவிடும். இங்கே காது உதவும். மோட்டார் சத்தமே இல்லையென்றால் மோட்டாரோ கேபிளோ போயிருக்கும். கடகடவென்றால் பிளாஸ்டிக் பற்சக்கரத்தின் பல் உடைந்திருக்கலாம். நீண்டு, தயங்கி, உள்ளே திரும்பினால் தடை ஏதோ இருக்கிறது, அல்லது நிலை உணரி லென்ஸைக் காணவில்லை. தடைக்கு மட்டும் வீட்டு வைத்தியம் உண்டு. பேட்டரியைக் கழற்றி, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, இடைவெளியைச் சுற்றி மெல்லிய தாள்துண்டை ஓட்டி, புளோயரால் ஊதி, பிறகு இயக்குங்கள். கீழே விழுந்து ஒரு பக்கம் சாய்ந்த குழாயில், புடைத்த பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் வழிகாட்டி முளை தன் பள்ளத்தில் ‘டிக்’கென்று விழக்கூடும். பிடித்து இழுத்தால் பற்சக்கரம் போய்விடும்.

கார்டு, பேட்டரி விஷயம் எளிது. கார்டு பூட்டப்பட்டிருக்கிறது என்று வந்தால் எஸ்டி கார்டின் ஓரத்திலுள்ள சிறு பூட்டு நெம்புகோலைப் பாருங்கள். படங்கள் காணாமல் போனால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். மீட்பு மென்பொருளை ஓட்டும்வரை அது தொடப்படாமல் இருக்கட்டும். உப்பிய பேட்டரியைத் திரும்ப உபயோகிக்கக் கூடாது.

பிளாஷ் உள்ள கேமராவைத் திறக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட் வைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும். 2.2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை நன்கு காப்பிட்ட கம்பிகளால் அதன் இரு முனைகளிலும் சில நொடிகள் வைத்து, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் இரு முனைகளையும் நேரடியாக இணைத்தால் தீப்பொறி பறக்கும், பலகையும் போகும். மின் வேலையில் பழக்கமில்லாதவர்கள் இந்த எல்லையைத் தாண்ட வேண்டாம்.

திறந்தவர்களும் சென்சாரைத் தாங்கும் திருகுகளில் கை வைக்கக் கூடாது. பல கேமராக்களில் அவற்றின் அடியில் மயிரிழைத் தகடுகள் இருக்கும். லென்ஸ் வளையத்துக்கும் சென்சாருக்கும் உள்ள தூரத்தை (கேனான் இஎஃப் வகையில் 44 மி.மீ., நிகான் எஃப் வகையில் 46.5 மி.மீ.) நிலைநிறுத்துவது அவைதான். ஒரு தகடு இடம் மாறினால் படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும். அதைத் திரும்பச் சரிசெய்யச் சேவை மையத்தின் அளவுகருவி தேவைப்படும்.