ஷ்ரீக் உண்டாக்கும் நிசப்தம்

'பேட்மேன் பியாண்ட்' அனிமேஷன் தொடரில் (1999–2001) ஷ்ரீக் என்ற வில்லன் வருவது ஒருசில அத்தியாயங்களில்தான். இயற்பெயர் வால்டர் ஷ்ரீவ். தொழில் ஒலிப் பொறியாளர். முன்னாள் பேட்மேனான முதியவர் புரூஸ் வெய்னைத் தீர்த்துக்கட்ட டெரெக் பவர்ஸ் என்ற தொழிலதிபர் இவரை அமர்த்துகிறார். இப்போது பேட்மேன் உடையில் சண்டையிடுவது வேறொரு இளைஞர். உடம்பில் பிறவிச் சக்தி எதுவும் கிடையாது. சக்தி முழுக்க அவர் அணிந்திருக்கும் உடையில் இருக்கிறது. அந்த உடை ஒலியை வீசிச் சுவரை உடைக்கும். சண்டைக்கு நடுவே சுற்றியுள்ள எல்லாச் சத்தத்தையும் அணைத்தும் விடும்.

பார்ப்பவர்களுக்குச் சுவர் உடைவதுதான் பெரிய வித்தையாகத் தெரியும். கணக்குப் போட்டால் நிலைமை தலைகீழ். சுவரை உடைப்பதற்கு வேண்டியது ஏராளமான மின்சாரம், அவ்வளவுதான். நிசப்தம் அப்படியல்ல, அங்கே ஷ்ரீக் நேரத்தோடும் தூரத்தோடும் மோத வேண்டியிருக்கிறது.

ஒலி என்பது காற்றழுத்தம் மாறிமாறிக் கூடிக் குறைவது. ஒரு அலை அழுத்தத்தைக் கூட்டும் அதே கணத்தில், அதே இடத்தில், இன்னொரு அலை அதே அளவு குறைத்தால் காதுக்கு எதுவும் எட்டாது. பால் லூக் என்ற ஜெர்மானியர் இந்த யோசனைக்கு 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். யோசனை எளிது. சிக்கல், எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதில் இருக்கிறது.

சத்தத்தை 20 டெசிபல் குறைக்க, அதாவது அழுத்த ஏற்ற இறக்கத்தைப் பத்தில் ஒன்றாக்க, எதிர் அலையின் கட்டம், அதாவது 360 பாகை கொண்ட முழுச் சுழற்சியில் அது நிற்கும் இடம், 6 பாகைக்கு மேல் பிசகக் கூடாது. 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் 6 பாகை என்பது சுமார் 17 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தில் ஒலி கடக்கும் தூரம் ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவு. பிசகு 60 பாகையைத் தொட்டால் பலன் பூஜ்யம். அதையும் தாண்டினால் சத்தம் கூடத் தொடங்கும். முழுக்கப் பிசகி 180 பாகை ஆனால் அழுத்தம் இரு மடங்கு. இவ்வளவு பிசகிய எதிர் ஒலி சும்மா இருப்பதைவிட மோசம்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வயரில் இணையும் ஒரே மாதிரியான இரண்டு ஸ்பீக்கர்கள் வேண்டும். தனித்தனி புளூடூத் ஸ்பீக்கர்கள் உதவாது. இரண்டும் ஒரே கணத்தில் ஒலிக்கும் என்ற உறுதி இல்லை. ஆடாசிட்டி மென்பொருளில் ஸ்டீரியோ டிராக்கில் 200 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை உருவாக்குங்கள். பிறகு டிராக்கை இடது, வலது என இரண்டாகப் பிரித்து, வலது பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தலைகீழாக்குங்கள். அல்லது ஒரு ஸ்பீக்கரின் பின்புறத்தில் சிவப்பு, கறுப்பு வயர்களை இடம் மாற்றினாலும் போதும். இரண்டையும் முகத்துக்கு முகம் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து ஒலிக்கவிட்டால் சத்தம் சட்டென்று வற்றும். பக்கவாட்டில் நின்றால் ஏறத்தாழ இல்லாமலே போகும். ஸ்பீக்கர்கள் நிற்கும் நேர்கோட்டில் நின்றால் ஒற்றை ஸ்பீக்கரின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மிஞ்சும். இனி ஸ்பீக்கர்களை அசைக்காமல் தொனியை மட்டும் 2000 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். அதே நேர்கோட்டில் இப்போது அழுத்தம் ஒற்றை ஸ்பீக்கருடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அலைநீளம் 1.7 மீட்டரிலிருந்து 17 சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டதே காரணம். 10 சென்டிமீட்டர் இடைவெளி முதல் அலைக்குப் பொருட்டே இல்லை; இரண்டாவது அலைக்கு அது பாதி அலைநீளத்துக்கும் அதிகம். எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்றால் அறைச் சுவர்களைச் சந்தேகியுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி கணக்கைக் கலைக்கும். மொட்டை மாடியில் செய்தால் முடிவு தெளிவாக இருக்கும்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. சத்தம் பிறக்கும் இடத்தை ஒட்டியே எதிர் ஒலியையும் வைத்தால் எல்லாத் திசையிலும் சத்தம் குறையும். தள்ளி வைத்தால், ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றி மட்டும் ஒரு சின்ன அமைதிக் குமிழ் கிடைக்கும். எல்லாத் திசையிலிருந்தும் ஒலி வரும் அறையில் அந்தக் குமிழின் விட்டம் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குதான். 100 ஹெர்ட்ஸுக்கு 34 சென்டிமீட்டர். தலை உள்ளே அடங்கும். 1000 ஹெர்ட்ஸுக்கு மூன்றரை சென்டிமீட்டர். காதை மட்டும் நுழைக்கலாம். கண்ணாடி உடையும் சத்தத்தில் நிறைந்திருக்கும் 5000 ஹெர்ட்ஸுக்கு 7 மில்லிமீட்டர். குமிழுக்கு வெளியே பல இடங்களில் சத்தம் முன்பைவிடக் கூடியிருக்கும்.

ஷ்ரீக்குக்கு இதைவிடப் பெரிய தடை ஒன்று காத்திருக்கிறது. பேட்மேன் ஒரு மேசையை உடைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேசையிலிருந்து ஷ்ரீக்கின் உடைக்கு 4 மீட்டர். உடையிலிருந்து பேட்மேனின் காதுக்கு 3 மீட்டர். மேசையிலிருந்து காதுக்கு நேராக 5 மீட்டர். சத்தம் முதலில் உடையின் மைக்கை எட்ட வேண்டும். பிறகுதான் எதிர் ஒலி அங்கிருந்து கிளம்ப முடியும். மொத்தம் 7 மீட்டர். அசல் சத்தமோ 5 மீட்டரில் காதைத் தொட்டுவிட்டது. சிப் எவ்வளவு வேகமாக இருந்தாலும் எதிர் ஒலி 5.8 மில்லி விநாடி பிந்தித்தான் வரும். முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள் சேர்ந்தால் மூன்றாவதைவிட நீளம் என்று பள்ளியில் படித்தோமே, அந்த விதியை எந்த எலெக்ட்ரானிக்ஸாலும் மாற்ற முடியாது. ஷ்ரீக் தப்பிக்க ஒரே வழி, அறையெங்கும் முன்கூட்டியே மைக்குகளைப் பதித்து, ஒலியைவிடப் பல லட்சம் மடங்கு வேகமான ரேடியோவில் செய்தி வாங்குவது. பேட்மேனின் இரண்டு காதுகளும் எங்கே இருக்கின்றன என்பதும் ஒவ்வொரு கணமும் மில்லிமீட்டர் சுத்தமாகத் தெரிந்தாக வேண்டும்.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் ஜெயிப்பது இதனால்தான். அது அறையை அமைதிப்படுத்த முயல்வதில்லை. காதின் இருப்பிடம் அதற்கு முன்பே தெரியும். வெளி மைக்கிலிருந்து உள்ளே இருக்கும் ஸ்பீக்கருக்கு 2 சென்டிமீட்டர் என்றால், சத்தம் வந்து சேர 58 மைக்ரோ விநாடி அவகாசம். சிடி தரத்தில், நொடிக்கு 44,100 மாதிரி எடுத்தால், அந்த அவகாசத்தில் மூன்று மாதிரிகூடத் தேறாது. ஆகவே இந்தச் சிப்புகள் நொடிக்குப் பல லட்சம் மாதிரிகளை எடுத்து உடனுக்குடன் வேலை செய்யும்படி வடிவமைக்கப்படுகின்றன. காதருகே உள்ள இரண்டாவது மைக், மிஞ்சிய சத்தத்தைக் கேட்டுத் திருத்துகிறது. இந்தத் திருத்தத்தின் அளவை மிதமிஞ்சிக் கூட்டினால் அமைப்பு தன் குரலையே கேட்டு ஊளையிடும். 1000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சத்தத்தைப் பெரும்பாலும் தடுப்பது மெத்தைதான், சிப் அல்ல. மூக்குக் கண்ணாடியின் கம்பி அந்த மெத்தையில் சின்ன இடுக்கை உண்டாக்கினாலே விமான இரைச்சல் உள்ளே கசியும். காற்று வீசும்போது ஹெட்போன் இரைவதும் புரிந்துகொள்ளக்கூடியதே: வெளி மைக்கில் காற்று மோதும் சத்தம் காதுக்குள் இல்லை, இல்லாத சத்தத்துக்கு எதிர் ஒலி போட்டால் அதுவே புதுச் சத்தம்.

சீரான இரைச்சலுக்கு மட்டும் இயற்கை ஒரு சலுகை தருகிறது. சுழற்சி மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த அலையை முன்கூட்டியே கணிக்கலாம்; பிந்தி வருவது குற்றமில்லை. டேஷ் 8 கியூ400 விமானத்தின் புரொப்பல்லருக்கு ஆறு இதழ்கள். சீராகப் பறக்கும்போது நிமிடத்துக்கு 850 சுற்று. ஆகவே கேபினில் 85 ஹெர்ட்ஸ் உறுமல். கேபின் மைக்குகள் அதைக் கேட்க, விமானச் சட்டகத்தில் பொருத்திய அதிர்விகள் எதிராக அதிர்ந்து அடக்குகின்றன. அலைநீளம் 4 மீட்டர், குமிழ் 40 சென்டிமீட்டர். பயணி தலையைத் திருப்பினாலும் வெளியேற மாட்டார். ஷ்ரீக் ஒரு விமானத்துக்குள் மின்விசிறிபோல் சீராக உறுமும் எதிரியோடு சண்டையிட்டிருந்தால் அவர் உடையை முழு மனதோடு நம்பலாம். குத்து, உதை, உடையும் கண்ணாடி எல்லாம் ஒருமுறை வந்து போகிற சத்தங்கள். அவற்றைக் கணிக்க வழியே இல்லை.

சுவர் உடைப்புக்கு வருவோம். கம்பி கட்டாத கான்கிரீட் கல் சுவர் குண்டுவெடிப்பில் நொறுங்க 14 முதல் 20 கிலோபாஸ்கல் அழுத்தம் போதும். 15 கிலோபாஸ்கலை ஒலியின் கணக்கில் சொன்னால் சுமார் 177 டெசிபல். ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு அந்த ஒலியைச் செலுத்த 5 லட்சம் வாட் ஒலி ஆற்றல் வேண்டும். மின்சாரத்தில் 20 விழுக்காட்டை ஒலியாக்கும் நல்ல ஹார்ன் இருந்தாலும் 25 லட்சம் வாட் உள்ளே போக வேண்டும். கிலோவுக்கு 200 வாட்-மணி கொடுக்கும் லித்தியம் பேட்டரியில் கணக்கிட்டால் நொடிக்கு மூன்றரை கிலோ பேட்டரி காலியாகும். அவ்வளவு வலுவான அலை தன்னை அனுப்பியவரையே சுமார் 150 கிலோ எடைக்குச் சமமான விசையால் பின்னே தள்ளும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஷ்ரீக் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சுட வேண்டும். கடினம்தான், ஆனால் முக்கோண விதியைப் போல முடியவே முடியாத காரியம் இல்லை.

கதையில் ஷ்ரீக், புரூஸின் மனக்குரல்போல் ஒரு குரலை அவருக்கு மட்டும் கேட்கும்படி அனுப்புகிறார். அப்படி ஒருவருக்கு மட்டும் கேட்கும் குரலை அனுப்பும் கருவி இன்று கடையில் வாங்கக்கூடியது. 40,000 ஹெர்ட்ஸ் மீயொலியின் அலைநீளம் எட்டரை மில்லிமீட்டர்தான் என்பதால், 40 சென்டிமீட்டர் பலகையிலிருந்து அது டார்ச் வெளிச்சம்போல் ஒடுங்கிப் போகும். அதன் வீச்சில் குரலை ஏற்றி அனுப்பினால், வழியில் உள்ள காற்றே அதைப் பிரித்துக் கேட்கும் ஒலியாக்குகிறது. பீட்டர் வெஸ்டர்வெல்ட் என்ற இயற்பியலர் 1963-இல் இதன் கோட்பாட்டைத் தந்தார். கனமான தாழ்ந்த குரல் மட்டும் இதில் எடுபடாது; மெலிந்து தகரம்போல் ஒலிக்கும். கதையில் புரூஸ் ஏமாறாததற்குக் காரணம் ஒலித்தரம் அல்ல. அந்தக் குரல் அவரை 'புரூஸ்' என்று அழைத்தது. மனத்துக்குள் அவர் தன்னை அப்படி அழைத்துக்கொள்வதில்லை; அங்கே அவர் பேட்மேன்தான்.

முதல் கதை முடியும்போது ஷ்ரீக் கேட்கும் திறனை இழக்கிறார். தொடரில் ஒலியியலுக்கு மிகவும் நெருக்கமாக இருக்கும் இடம் அதுதான். காதை எவ்வளவு கச்சிதமாக அடைத்தாலும் 40 முதல் 60 டெசிபல் வரைதான் தடுக்க முடியும். அதற்கு மேல் மண்டையோடே அதிர்ந்து ஒலியை உட்செவிக்குள் கொண்டுபோகும். 177 டெசிபல் அலை முன்னோக்கித்தான் போகிறது, அதில் பின்பக்கம் கசிவது ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல் மட்டும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உடைக்குள் இருப்பவரைச் சுற்றி 147 டெசிபல். சிறந்த காப்பைக் கழித்தாலும் 87-க்குக் குறையாது. அதுவும் உடையில் ஒரு விரிசல்கூட விழாதவரை.